சொர்ணத்தாயின் விளையாட்டும் நான் அடித்த பத்திரமும்

கோவில்பட்டியில் கோர்ட்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவில் ஒரு தகரக் கொட்டகை. அதில் தமிழ் டைப்ரைட்டர் ஒன்றை வைத்துக்கொண்டு இருபது வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தவள் நான். பெயர் உமாதேவி. கிரையம், குத்தகை, பாகப்பிரிவினை, எந்தப் பத்திரமானாலும் மாதிரியைப் பார்க்காமல் அடிப்பேன். பெருமைக்குச் சொல்லவில்லை என்றால் பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஆனால் இது என் கதை இல்லை, சொர்ணத்தாயின் கதை. என் கை அதில் புகுந்து நாசம் பண்ணியதால் நானும் வருகிறேன்.

சொர்ணத்தாய்க்கு நாகலாபுரத்துக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊர். வானம் பார்த்த கரிசல். ஒரு வருடம் உளுந்து, ஒரு வருடம் கம்பு, ஒரு வருடம் வெறும் வெடிப்பு. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, சின்னக்கருப்பன் என்கிற லாரி டிரைவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவர் மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். இவள் கோவில்பட்டிக்கு வந்து தீப்பெட்டி ஆபீசில் சேர்ந்தாள். எங்கள் ஊரில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். நாற்காலி இருக்காது, தரையில் வரிசையாக உட்கார்ந்து மரச்சட்டத்தில் குச்சி அடுக்க வேண்டும். என் தெருவிலேயே குடியிருந்தாள். ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்போம். என்னை அக்கா என்பாள்.

குச்சி அடுக்கும்போது கைக்கு வேலை, வாய்க்கு வேலை இல்லை. அங்கேதான் அந்த விளையாட்டு பிறந்தது. சொர்ணத்தாய் கதைக்காரி. பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஆளுக்கு ஒரு வேடம் கொடுப்பாள். ஒருத்தி கிணறு வெட்டுகிறவர், ஒருத்தி ஆட்டு வியாபாரி, ஒருத்தி மருத்துவச்சி, ஒருத்தி பருத்தித் தரகர். எல்லோரும் எட்டு ஊர் தாண்டிப் போக வேண்டும். "ஓடையில தண்ணி வந்துட்டு, மருத்துவச்சி என்ன செய்யப் போறீய?" என்று இவள் கேட்பாள். மருத்துவச்சியாக இருப்பவள் அவளாகவே யோசித்து, அந்த வேடத்திலேயே பதில் பேச வேண்டும். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால், ஒரு பிடி குச்சியை அள்ளி ஒத்தையா ரெட்டையா என்று எண்ணுவார்கள். ஒத்தை வந்தால் நடக்கும். ரெட்டை வந்தால் கதை வேறு பக்கம் திரும்பும். ஒரு பயணம் நாலு நாள்கூடப் போகும். சாயங்காலம் சங்கு ஊதினாலும், கிணறு வெட்டுகிறவர் பிழைத்தாரா என்று தெரியாமல் வீட்டுக்குப் போக மாட்டார்கள்.

பன்னிரண்டு கதைகளை அவள் நோட்டில் எழுதினாள். வேடங்களுக்குத் தனி அட்டை, கதைக்காரிக்குத் தனிப் புத்தகம். சின்ன பிரஸ் ஒன்றில் முந்நூறு பெட்டி அடித்து, செண்பகவல்லியம்மன் கோயில் திருவிழாவில் தரையில் சாக்கை விரித்து விற்றாள். 'எட்டூர்ப் பயணம்' என்று பெயர். அத்தனையும் போய்விட்டது. வாங்கியவர்களில் பாதிப்பேர் ஆபீஸ் பெண்கள், பாதிப்பேர் வாத்தியார்கள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. இருந்ததைச் சொல்லிவிட வேண்டும்.

அந்தச் சமயத்தில் ஆறுமுகசாமி அண்ணாச்சி வந்து சேர்ந்தார். தீப்பெட்டி லேபிளும் பரமபத அட்டையும் அச்சடிக்கிற பெரிய பிரஸ்காரர். "தாயி, இத நான் அஞ்சாயிரம் பெட்டி போடுதேன். ரெண்டு வருஷம். ஒம் பேரு அட்டையில வரும். ரெண்டு வருஷம் கழிச்சு ஒன் பொருளு ஒனக்கு" என்றார். தொண்ணூற்றெட்டு, பங்குனி. இரண்டு பேரும் முத்திரைத்தாளோடு என் கொட்டகைக்கு வந்தார்கள்.

"குத்தகை மாதிரிதான் உமா. ரெண்டு வருஷத்துக்கு உரிமை எழுதிக் கொடுக்காவ. சட்டுபுட்டுனு அடி" என்றார் அண்ணாச்சி.

மணி ஒன்றரை. எனக்குப் பசி. மிஷினுக்குப் பக்கத்தில், காலையில் அடித்த ஓட்டப்பிடாரத்து நிலக் கிரையம் கிடந்தது. ரெண்டு வருஷம் என்றது காதில் விழுந்தது, கைக்கு வந்து சேரவில்லை. உரிமை எழுதிக் கொடுப்பது என்றால் என் விரலுக்குத் தெரிந்தது ஒரே பாட்டுதான். நிலம் என்று வருகிற இடத்தில் விளையாட்டு என்று போட்டேன். நாலு எல்லையை எடுத்தேன். மிச்சத்தை அப்படியே ஓட்டினேன். நிதி நிட்சேபம், ஜல தரு பாஷாணம், ஆகாமிய சாத்தியம் உட்பட சகல பாத்தியங்களுடன், சந்திர சூரியர் உள்ளவரை, தாங்களே சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது. பத்து நிமிடத்தில் உருவிக் கொடுத்தேன்.

"என்னக்கா எழுதியிருக்கு?" என்று சொர்ணத்தாய் கேட்டாள்.

"நீங்க சொன்னதுதான் எழுதியிருக்கு, போடுட்டி கையெழுத்த" என்றேன். போட்டாள். நான் டிபன் பாக்ஸைத் திறந்தேன்.

ஒரு வருடம் நன்றாகத்தான் போனது. அண்ணாச்சி போட்ட ஐயாயிரமும் விற்றது. அட்டையில் அவள் பெயர் இருந்தது, சின்னதாக. இவள் இன்னொரு பன்னிரண்டு கதை எழுதினாள். அதே எட்டு ஊர், அதே மருத்துவச்சி, அதே தரகர், ஆனால் இந்தத் தடவை பஞ்ச காலம். அதை அண்ணாச்சிக்குக் கொடுக்கவில்லை. "இத நானே போடுதேன்க்கா" என்றாள். காதில் கிடந்ததைக் கழற்றி விற்று, பழைய சின்ன பிரஸ்ஸிலேயே ஐந்நூறு பெட்டி அடித்தாள். திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு திங்கள்கிழமை, வக்கீல் நோட்டீஸ் வந்தது.

அதைக் கையில் பிடித்துக்கொண்டு கொட்டகைக்கே ஓடி வந்தாள். நான்தான் வாசித்தேன். 'எட்டூர்ப் பயணம்' என்ற பெயர், வேடங்கள், கதைகள் அனைத்தும் பத்திரத்தின்படி எம் கட்சிக்காரருக்குச் சொந்தம். மேற்படி பத்திரத்தில் கண்ட ஆகாமியத்தின்படி, இனி தாங்கள் எழுதும் கதைகளும் அவருக்கே சேரும். ஏழு நாளில் ஐந்நூறு பெட்டிகளையும் ஒப்படைக்க வேண்டியது, தவறினால் வழக்கு.

"ஆகாமியம்னா என்னக்கா?" என்றாள்.

பதினேழு வருடத்தில் அந்த வார்த்தையை எத்தனை ஆயிரம் தடவை அடித்திருப்பேன். ஒரு தடவைகூட யோசித்ததில்லை. அன்றைக்கு நோட்டீஸைப் பார்த்துத்தான் தெரிந்தது. இனிமேல் வரப்போவது. நிலத்தில் இனி விளையப்போவது. அவள் தலைக்குள் இன்னும் எழுதாமல் கிடப்பது.

"நீதான இத அடிச்சே?" என்றாள்.

"ஆமா."

"நான் சொன்னதுதான் எழுதியிருக்குன்னு சொன்னியேக்கா."

அவள் திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன், அது எனக்கு நன்றாக வரும். அவள் நோட்டீஸை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு பிரஸ்ஸுக்குப் போனாள். நானும் கொட்டகையைச் சாத்திவிட்டுப் பின்னால் போனேன். அங்கே பிரஸ்காரர் வெளுத்துப் போய் நின்றார். அண்ணாச்சியின் ஆள் ஒருத்தன் வந்து பெட்டிகளை எண்ணிவிட்டுப் போயிருந்தான்.

"தாயி, நான் சின்ன ஆளு. அண்ணாச்சியப் பகைச்சா எனக்கு யாரு மை கொடுப்பா, யாரு பேப்பர் கொடுப்பா? ஞாயித்துக்கிழமை வரைக்கும் வச்சிருக்கேன். அதுக்கு மேல என்னக் கேக்காதீய" என்றார்.

சொர்ணத்தாய் அடுக்கியிருந்த பெட்டிகள் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "நான் ஒண்ணும் களவாண்டு எழுதலியேக்கா" என்றாள்.

சுந்தரபாண்டியன் வக்கீலிடம் கூட்டிக்கொண்டு போனேன். நில வழக்கும் செக் வழக்கும் பார்க்கிறவர். பதிப்புரிமைச் சட்டப் புத்தகம் அவரிடம் இல்லை. மதுரையில் சிநேகிதர் ஒருவரிடம் சொல்லி பஸ்ஸில் போட்டுவிடச் சொன்னார். அது வந்து சேர இரண்டு நாள். ஏழில் இரண்டு. புதன்கிழமை சாயங்காலம் கூப்பிட்டு அனுப்பினார்.

"மொதல்ல நல்லதச் சொல்லுதேன்" என்றார் வக்கீல். "ஒத்தையா ரெட்டையா எண்ணுதது, வேசம் போட்டுப் பேசுதது, இந்த ஆடுத முறை யாருக்கும் சொந்தம் இல்ல. அதை ஆறுமுகசாமியும் வச்சுக்கிட முடியாது, நீயும் வச்சுக்கிட முடியாது. நீ எழுதின எழுத்துக்குத்தான் உரிமை. கதை, அட்டையில உள்ள வாசகம், அதெல்லாம் எழுதினவனுக்குப் பொறந்ததுமே சொந்தம். எழுதிக் கொடுத்தாத்தான் கை மாறும்."

"எழுதிக் கொடுத்துட்டேனே" என்றாள் சொர்ணத்தாய்.

"அதான் கெட்டது." அவர் என்னைப் பார்த்தார். "எத்தனை வருஷம்னு பத்திரத்துல சொல்லாம விட்டிருந்தாக்கூட, அஞ்சு வருஷம்தான்னு சட்டம் சொல்லுது. ஒண்ணுமே போடாம இருந்திருந்தா பொழச்சிருப்பா. நீங்க சந்திர சூரியரையில்ல போட்டிருக்கீங்க."

நான் என் கையைப் பார்த்தேன். வெட்டிப் போடலாம் போல இருந்தது.

"ஒரே வழிதான் எனக்குத் தெரியுது" என்றார். "பேசினது குத்தகை, ரெண்டு வருஷம், அடிச்சது கிரையம், தப்பு என்னுதுன்னு இந்தம்மா அஃபிடவிட் கொடுக்கணும். அத வச்சு ஆறுமுகசாமிகிட்டப் பேசிப் பாக்கலாம். கோர்ட்டுக்குப் போனாலும் அதுதான் சாட்சி. ஆனா உமா, யோசிச்சுக்கிடுங்க. நாளைக்கு ஒருத்தன் நிலத்தை எழுத ஒங்ககிட்ட வருவானா?"

வியாழக்கிழமை முழுக்க அந்த அஃபிடவிட்டை அடித்தேன். ஒரு பக்கம்தான். கொட்டகையில் கூட்டம் நின்றது, ஒருவரையும் உட்காரச் சொல்லவில்லை. உமாதேவியாகிய நான், கட்சிக்காரர்கள் சொன்னதைக் கேட்டும் கவனியாமல், பழக்கத்தால், நிலக் கிரைய வாசகத்தை அடித்தேன். எழுதிக் கொடுத்தவருக்கு வாசித்துக் காட்டவில்லை. அந்த வரி வரும்போது மூன்று தாள் கசங்கிப் போனது. நான்காவது தாளில்தான் முழுதாக வந்தது.

சனிக்கிழமை காலை மூன்று பேரும் ஆறுமுகசாமி அண்ணாச்சியின் பிரஸ்ஸுக்குப் போனோம். மை வாசம். சுவர் அலமாரி முழுக்க லேபிள் ஆல்பம். கோவில்பட்டியில் லேபிள் எப்படி நடக்கிறது என்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. ஒரு லேபிளுக்குப் பெயர் இருக்கும், சொந்தக்காரர் இருப்பார். சின்ன ஆபீஸ்காரர்கள் அவரிடம் கேட்டு அந்த லேபிளை ஒட்டித் தங்கள் சரக்கை விற்பார்கள். இரவல்தான். எழுத்து கிடையாது, வாய்ச்சொல்தான். ஆறு மாதம் என்றால் ஆறு மாதம். அண்ணாச்சி அச்சடிக்கிற லேபிளில் பாதி அப்படி இரவல் வாங்கியது.

அவர் எங்களை உட்காரச் சொன்னார். நோட்டீஸ் அனுப்பின மனுஷன், காபிக்கும் சொன்னார்.

"பத்திரம் பத்திரம்தான் வக்கீல் சார்" என்றார் அண்ணாச்சி. "நானா எழுதினேன்? எழுதினத நான் வாங்கிக்கிட்டேன். மதுரைக் கடைக்காரன் ரெண்டாவது பெட்டி கேக்குதான். இவ தனியா போட்டா நான் என்ன செய்ய?"

நான் அஃபிடவிட்டை அவர் முன்னால் வைத்தேன். கண்ணாடியை எடுத்து மாட்டினார். ஒரு விரலை வரி வரியாக நகர்த்தி வாசித்தார். ஒரு பக்கத்துக்கு அவ்வளவு நேரமா என்று இருந்தது.

"நான் ரெண்டு வருஷம்னு சொன்னதா எழுதியிருக்கே" என்றார்.

"சொன்னீங்கல்ல."

"அப்படின்னு நீ சொல்லுதே."

எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறிவிட்டது. "சொல்லலைன்னு சொல்லுங்க அண்ணாச்சி" என்றேன். "என் மூஞ்சியப் பாத்து, குத்தகைனு நான் சொல்லலைன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. இத இங்கனயே கிழிச்சுப் போட்டுட்டுப் போறேன். ஐந்நூறு பெட்டியும் சாயங்காலத்துக்குள்ள உங்க வாசல்ல எறங்கும்."

வக்கீல் என் பக்கம் திரும்பினார். சொர்ணத்தாய் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். அவள் கை என் முழங்கையைப் பிடித்தது, நகம் பதிகிற மாதிரி. உள்ளே அச்சு மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. காபி வந்தது, யாரும் தொடவில்லை. இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவள் எழுதியதும் எழுதப்போவதும் அவருக்கு. அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடியும் மாட்டினார்.

"சொன்னேன்" என்றார்.

பிறகு அலமாரியைக் காட்டினார். "சொல்லலைன்னு எப்படிச் சொல்ல? இது வெளிய தெரிஞ்சா நாளைக்கு எவன் எனக்கு வாய்ச்சொல்லுக்கு ஒரு லேபிள் தருவான்? ஆகாமியம்னு ஒரு வார்த்தை அதுல கெடக்குன்னு என் வக்கீல்தான் காட்டினாரு. எனக்குத் தெரியாது. கெடச்சத விட மனசு வரல, தாயி. அம்புட்டுதான்."

பழைய பத்திரத்தை ரத்து செய்து புதிதாக எழுதச் சம்மதித்தார். முதல் பன்னிரண்டு கதை மட்டும், பேசிய இரண்டு வருடத்தில் மிச்சம் இருக்கிற காலம் மட்டும், அவள் பெயர் பெரிய எழுத்தில். இனி எழுதுவது அவளுக்கே. வக்கீல் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. தெருவுக்கு வந்ததும் சிரித்தேன் என்றுகூட நினைக்கிறேன்.

சொர்ணத்தாய் சிரிக்கவில்லை. நடுத்தெருவில் நின்றுவிட்டாள்.

"அவிய இல்லைன்னு சொல்லியிருந்தா?" என்றாள்.

"சொல்ல மாட்டாரு. எனக்குத் தெரியும். பதினேழு வருஷமா அவரப் பாக்கேன்."

"ஒனக்குத் தெரியும். என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா? அது என் பொருளு. கிழிச்சுப் போடுதேன்னு நீ யாருக்கா சொல்ல? அன்னைக்குப் பசியில வித்தே. இன்னைக்குக் கோவத்துல வித்தே. அவரு நல்லவரா இருக்கப் போயித் திரும்பி வந்துச்சு."

வக்கீல் நாலு எட்டு தள்ளிப் போய் நின்றுகொண்டார். எனக்கு முகம் எரிந்தது. உனக்காகத்தானே என் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை.

புதுப் பத்திரத்தை அடிக்க நான் மிஷினைத் துடைத்து வைத்திருந்தேன். அவள் வரவில்லை. வக்கீல் வீட்டுத் தரையில் உட்கார்ந்து, முத்திரைத்தாளில் அவளே கையால் எழுதினாள். கதைக்காரிப் புத்தகத்தில் விதி எழுதுவாளே, அதே மாதிரி. ஆறுமுகசாமி இன்னது செய்யலாம், இன்னது செய்யக் கூடாது, இந்தத் தேதியோடு முடியும். வக்கீல் ஒரே ஒரு இடத்தில்தான் திருத்தினாராம். ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி கையெழுத்துப் போட்டார். திங்கள்கிழமை அவள் கோயில் வாசலில் சாக்கை விரித்துவிட்டாள். நாலாவது நாள் நான் போனபோது ஐந்நூறும் தீர்ந்து, சாக்கை உதறி மடித்துக்கொண்டிருந்தாள்.

வக்கீல் சொன்னது போலத்தான் ஆனது. அஃபிடவிட் கோர்ட்டுக்குப் போகவில்லை, ஆனால் ஊருக்குள் போய்விட்டது. நிலம் எழுத வருகிறவர்கள் என் கொட்டகை வாசலில் நின்று யோசித்துவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார்கள். ஒரு வருடத்துக்கு மேல் வேலை விண்ணப்பம், ரேஷன் கார்டு மனு, இதுதான் அடித்தேன். அது எனக்கு வேண்டியதுதான். அதைப் பற்றி நான் யாரிடமும் அழுததில்லை.

இரண்டாயிரத்து ஒன்றில் சொர்ணத்தாய் மூன்றாவது பெட்டிக்கு எழுதிக்கொண்டிருந்தாள். தீப்பெட்டி ஆபீசை விட்டுவிட்டாள். கடம்பூரிலிருந்தும் விளாத்திகுளத்திலிருந்தும் பள்ளிக்கூடத்துக்காரர்கள் தேடி வந்தார்கள். ஒருநாள் காலை குழாயடியில் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏட்டி, புதுக் கதையெல்லாம் எழுதி முடிச்சிட்டியாமே. நான் அடிச்சுத் தாரேன். துட்டு வேண்டாம். வரிக்கு வரி ஒனக்கு வாசிச்சுக் காட்டுதேன்" என்றேன்.

அவள் குடத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

"இன்னும் கோவமாட்டி?"

"கோவமெல்லாம் அப்பவே போயிட்டுக்கா" என்றாள். "பயந்தான் போக மாட்டேங்கு."

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, அடுத்தது நீ பிடி என்று குழாயை என் பக்கம் விட்டுவிட்டுப் போனாள்.